அப்பத்தாவுக்குச் சேலைதான்

அன்புள்ள மீனா,

அப்பத்தாவுக்கு வாங்கலாம் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கவுன் படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். முதுகுப் பக்கம் திறந்து, தோளில் பட்டன் வைத்த அந்தக் கவுன் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நல்லதுதான், தூக்கி நிறுத்தாமலே மாட்டிவிடலாம். ஆனால் நம் அப்பத்தா நடமாடுகிற ஆள். எழுந்ததும் வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்தால்தான் பொழுது விடியும். முதுகில் காற்றுப் பட்டால் வீட்டை ரெண்டாக்கிவிடுவார். அதனால் ஆர்டர் போட்டுவிடாதே. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அவர் கூப்பிட்டுவிடுகிறார், அதுதான் எழுதுகிறேன்.

மறதி நோய் என்றதும் எல்லோரும் பெயர் மறப்பதைத்தான் சொல்கிறார்கள். துணி உடுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறதே, அதுவும் போய்விடுகிறது. பாவாடை, சட்டை, அப்புறம் சேலை என்று காலமெல்லாம் கை தானாகச் செய்த வேலை. இப்போது சேலையைச் சுற்றிக்கொண்டு அதற்கு மேல் பாவாடையைப் போட்டு நாடாவைத் தேடுகிறார். சித்திரை வெயிலில் ஒரு நாள் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். புழுக்கம் தெரிகிறது, அதற்குக் காரணம் மேலே கிடக்கிற துணி என்பது தெரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நைட்டி மாட்டிவிடுங்க, உங்களுக்கும் சுலபம்" என்றார்கள். மாட்டினோம். "இது யாரு சட்டை?" என்று கேட்டார். அப்புறம் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நைட்டியோடு தெருமுனைக் கடைக்குப் போகிற பெண்கள் துண்டைப் போட்டுக்கொள்வார்களே, அதே மாதிரி! மறதியெல்லாம் எங்கே போனது என்று அப்பா சிரித்துவிட்டார். ஆனால் அந்தத் துண்டும் நழுவியபடியே இருந்தது. பகல் முழுக்க அதை இழுத்துவிடுவதும், மார்புப் பக்கத்து ஜிப்பை நோண்டுவதுமாக இருந்தார். சேலை கட்டியிருக்கும்போது முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். கைக்கு வேலை வேண்டியிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை நைட்டியில் இருப்பது உடுத்தாமல் இருப்பதுதான். நமக்குச் சுலபம் என்பதற்காக ஒரு மனுஷியை நாள் முழுக்கக் கூச்சத்தில் உட்கார வைக்க முடியுமா, சொல்.

சரி, சேலைதான் என்று முடிவு செய்து கடை கடையாக ஏறினேன். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக ஒரு கணக்கு. அதில் எத்தனை பேர் சேலை கட்டுகிற கிழவிகளாக இருப்பார்கள்! ஆனால் தைத்து வைத்த சேலை என்று கேட்டால், கல்யாண வரவேற்புக்குக் கட்டுகிற வழுவழு பாலியெஸ்டரைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஜரிகை வேறு. அப்பத்தா தோலுக்கு அரை மணி நேரம் தாங்காது.

கடைசியில் நம் பழைய டெய்லர்தான். மதுரைப் புது மண்டபத்தில் மிஷின் போட்டிருந்தாரே, அவர் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார். அப்பத்தாவின் பழைய சுங்குடியையே கொண்டுபோனேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், அதோடு அவர் கண்ணுக்கும் பழகியது. உள்சுற்றில் ஒரு மீட்டரை வெட்டி எடுத்துப் பாரத்தைக் குறைத்தார். கொசுவத்தை மடித்து, அகலமான எலாஸ்டிக் பட்டியில் வைத்துத் தைத்துவிட்டார். இடுப்பில் ஏற்றிவிட்டு, முந்தானையைச் சுற்றித் தோளில் பிரஸ் பட்டனைப் போட்டால் முடிந்தது. சேப்டி பின்னே கிடையாது, அவர் கழற்றி வாயில் வைத்துவிடுவார். கரை கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது, மிதித்துத் தடுக்கி விழுகிற பயம் இல்லை. கூலி 300 ரூபாய். இன்னொரு வசதியும் உண்டு, உங்கள் ஊர்ப் பேன்ட்டில் அது நடக்காது. கக்கூசுக்கு அவசரம் என்றால் ஒரே தூக்கு, அவ்வளவுதான்.

சட்டைதான் படுத்திவிட்டது. வலது தோளை அவரால் தூக்க முடியாது. டூ பை டூ காட்டனில், கையைத் தொளதொளவென்று வைத்து, அக்குளில் கூடுதலாக ஒரு துண்டு ஒட்டுப் போட்டு, முன்பக்கம் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ வைத்தோம். போடும்போது வலிக்கிற கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை நம் செல்வி அக்காதான் சொல்லிக்கொடுத்தார். இங்கே கிடைத்த வெல்க்ரோவின் ஓரம் முள்ளாகக் குத்துகிறது. பிரிக்கும்போது வருகிற சர்ரென்ற சத்தத்துக்கும் அவர் திடுக்கிடுகிறார்.

குளித்து முடித்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கையில் கொடுத்தால் குழம்பிவிடுவார். ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். "கையை விடுங்க அத்தை", "இப்ப இந்தக் கை", அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பீரோவைத் திறந்து காட்டினால் அங்கேயே நின்றுவிடுகிறார். இரண்டு சேலையை எடுத்து நீட்டி "எது?" என்றால் எப்போதும் பச்சையைத்தான் தொடுகிறார். துவைக்க வாங்குவதற்குள் சண்டை. அதனால் அதே பச்சையில் இன்னும் இரண்டு வாங்கிவிட்டேன், ஒன்று கொடியில் கிடந்தாலும் ஒன்று உடம்பில் இருக்கும். மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தால் விட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் புதிதாக வந்ததுபோல் போனால் சம்மதித்துவிடுகிறார். சண்டை போட்டது அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

நடுக்கூடத்தில் சேலையை அவிழ்த்தார் என்று அப்பா உன்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அதை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அரிப்போ, இறுக்கமோ, சிறுநீர் முட்டுவதோ, அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் துணியை உருவித்தான் சொல்கிறார். இடுப்பில் எலாஸ்டிக் தடம் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளையெல்லாம் கத்தரித்துவிட்டேன். திடீரென்று குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

ராத்திரிக்கு மட்டும் நைட்டி. விளக்கை அணைத்த பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

நீ ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால், குழந்தைத் துணிக்கு வைக்கிற மெல்லிய வெல்க்ரோ மெல்பர்னில் கிடைத்தால் இரண்டு மீட்டர் அனுப்பு, வெள்ளையில். அப்புறம், சாயங்காலம் போன் செய்யாதே. பொழுது சாய்ந்தால் அவருக்கு எரிச்சல் கூடிவிடுகிறது. காலை 10 மணிக்கு மேல், உடுத்தி முடித்து உட்கார்ந்திருக்கும்போது வீடியோவில் வா. உங்களுக்கு அது மத்தியானம்தானே?

அன்புடன்,
அம்மா