வக்கீல் தேவைப்படுவது வாய்தாவுக்கு முன்பே

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குத் துணையின்றி வந்து சேரும் குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம். குழந்தைக்கு வக்கீல் இல்லையென்றால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு ஏற்பாடு அங்கே கிடையாது. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், குழந்தைக்கு இலவச வக்கீலுக்கான உரிமையைத் தருகிறது. அந்த நினைப்பில் எழுதியிருக்கலாம். அமெரிக்காவிலும் குற்ற வழக்கில் சிக்கிய சிறுவனுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1967ஆம் ஆண்டு கால்ட் தீர்ப்புக்குப் பின், அரசு செலவில் வக்கீல் உண்டு. நாடுகடத்தல் வழக்கோ சிவில் வழக்கு. "வக்கீல் வைத்துக்கொள், அரசுக்குச் செலவு வைக்காதே" என்பதுதான் சட்டத்தின் சாரம். எதிரே வழக்கமாக அரசு வக்கீல் இருப்பார். மேடையில் இருக்கும் குடியேற்ற நீதிபதியும் தனித்து இயங்கும் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்ல, அமெரிக்க நீதி அமைச்சகத்தின் ஊழியர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே குடியேற்றச் சட்டத்தைப் புரியவைத்திருக்கிறேன் என்று ஜாக் வைல் என்ற நீதிபதி, குழந்தைகளுக்கு அரசு செலவில் வக்கீல் கேட்டுத் தொடுத்த ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுத்தது 2016இல் பெரிய செய்தியானது. அந்த வழக்கை, தொடுக்க வேண்டிய இடம் இதுவல்ல என்று சொல்லி, ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் முடித்துவைத்தது.

இதைவிட முக்கியமான ஒன்று. வக்கீலின் வேலை வாய்தா அன்று எழுந்து நின்று வாதாடுவது என்ற எண்ணத்திலேயே கட்டுரை முழுவதும் போகிறது. இத்தகைய வழக்கில் வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் அதற்கு வெகுமுன்பே, வேறு அலுவலகங்களில், வேறு ஒரு நீதிமன்றத்தில் முடிவாகிவிடுகிறது.

முதலில் விலாசம். எல்லையில் பிடிபட்ட குழந்தையை, 2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி, 72 மணி நேரத்துக்குள் அகதிகள் மீள்குடியமர்வு அலுவலகத்தின் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். (மெக்சிகோ, கனடாக் குழந்தைகளுக்கு விதி வேறு.) அங்கிருந்து ஸ்பான்சரிடம், அதாவது பெற்றோர், அத்தை, அண்ணன் என யாராவது ஒருவரிடம் போகிறது. காப்பகம் டெக்சஸில் இருந்தால் பெரும்பாலும் வழக்கும் டெக்சஸில்தான் பதிவாகும். பிள்ளை மேரிலாந்தில் இருக்கும். விலாசம் மாறிய ஐந்து நாட்களுக்குள் இஓஐஆர்-33 படிவத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்து, நகலை அரசு வக்கீலுக்கும் அனுப்ப வேண்டும். காப்பகத்தில் சொன்னோமே, போதாதா என்று ஸ்பான்சர்கள் நினைப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. இரண்டாவது தவறு, படிவம் கொடுத்துவிட்டால் வழக்கும் தானாக மாறிவிடும் என்று நம்புவது. மாறாது. இடமாற்றத்துக்குத் தனி மனு போட வேண்டும். குற்றச்சாட்டுகளுக்கான பதிலையும், எந்த நிவாரணம் கேட்கப் போகிறோம் என்பதையும் அந்த மனுவிலேயே சொல்ல வேண்டியிருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை இதை எழுதுவது எப்படி? மனு ஏற்கப்படும் வரை வாய்தா டெக்சஸில்தான்.

ஆள் வராவிட்டால் அன்றே நாடுகடத்தல் உத்தரவு, நம்மூர் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) மாதிரி. அதை ரத்து செய்ய வழி உண்டு. நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். கடும் நோய் போன்ற காரணமென்றால் 180 நாட்களுக்குள் போட வேண்டும். குடியேற்ற நீதிபதி மனுவை முடிவு செய்யும் வரை நாடுகடத்தல் தானாக நின்றுபோகும். உத்தரவு வந்ததே தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

அடுத்தது சிறப்புக் குடியேற்றச் சிறார் தகுதி. தாயோ தந்தையோ கைவிட்ட, கொடுமைப்படுத்திய, கவனிக்காமல் விட்ட பிள்ளைகளுக்காக 1990இல் வந்த வழி இது. கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. இதில் முதல் உத்தரவைக் குடியேற்ற நீதிமன்றம் தர முடியாது. மாநிலக் குடும்ப நீதிமன்றம்தான் தர வேண்டும். பிள்ளையை ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் உத்தரவில் மேலும் இரண்டு முடிவுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: பெற்றோரில் ஒருவருடனோ இருவருடனோ மீண்டும் சேர்வது இன்ன காரணத்தால் இயலாது; சொந்த நாட்டுக்குத் திரும்புவது பிள்ளையின் நலனுக்கு உகந்ததல்ல. இந்த உத்தரவை இணைத்துத்தான் ஐ-360 மனு குடியேற்றச் சேவைத் துறைக்குப் போகும்.

பழகாத வக்கீல் சறுக்குவது உத்தரவின் வாசகத்தில். "தந்தை கைவிட்டார்" என்று மட்டும் இருந்தால் போதாது. எப்போதிலிருந்து பணம் அனுப்பவில்லை, கடைசியாக எப்போது பேசினார், மாநிலச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அது கைவிடல் ஆகிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்குள் பிள்ளைக்கு வயது தாண்டியிருந்தால் அதே நீதிபதியிடம் திருத்தம் வாங்கப் போவது பெரும்பாடு. அதனால் தேர்ந்த வக்கீல்கள் உத்தரவின் வரைவைத் தாங்களே எழுதி மனுவோடு இணைத்துவிடுவார்கள். விசா கொடுப்பது என் வேலையல்ல என்று தயங்கும் குடும்ப நீதிபதிகளும் உண்டு. உண்மைகளைப் பதிவு செய்வது மட்டுமே அவர் வேலை, குடியேற்ற முடிவு வேறு துறையுடையது என்பதை மனுவிலேயே விளக்கிவிடுவது நல்லது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு சின்ன விஷயம். குவாத்தமாலாவில் ரெனாப் என்ற அரசுப் பதிவகம் தரும் சான்றிதழில் நாள் முன்னால், மாதம் பின்னால். அமெரிக்கப் படிவத்தில் தலைகீழ். 04/07 என்பதை ஒருவர் ஏப்ரல் 7 என்றும் மற்றவர் ஜூலை 4 என்றும் எழுதிவிட்டால், இரண்டு ஆவணங்களில் இரண்டு பிறந்தநாள். இரட்டைக் குடும்பப்பெயரில் ஒன்றை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும். மொழிபெயர்ப்போடு, இரு மொழியும் அறிவேன், பெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

நோட்டீஸ் சார்வு செய்வது, அதாவது வழக்கு நோட்டீஸைப் பெற்றோரிடம் சேர்ப்பதுதான் நாட்களை விழுங்கும் வேலை. தந்தை ஹோண்டுராஸில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் இருப்பார். ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத் தந்தால் வேலை சுளுவாக முடியும். ஆள் இருக்குமிடமே தெரியாவிட்டால் எங்கெல்லாம் தேடினோம், யாரையெல்லாம் கேட்டோம் என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து மாற்று முறைக்கு அனுமதி வாங்க வேண்டும். இப்படியே மாதங்கள் போய்விடும்.

மாதங்கள்தான் இங்கே பிரச்சினை. டெக்சஸில் குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரம் பொதுவாக 18 வயதோடு தீர்ந்துவிடும். மேரிலாந்திலும் நியூயார்க்கிலும் இத்தகைய பிள்ளைகளுக்காக 21 வரை நீட்டியிருக்கிறார்கள். ஐ-360 மனு 21 வயது நிறைவதற்குள், திருமணம் ஆகாத நிலையில், போய்ச் சேர்ந்துவிட வேண்டும். போன பிறகு வயது ஏறினாலும் தகுதி போகாது. பதினேழரை வயதில் ஒரு பையன் வந்தால் வக்கீல் முதலில் கேட்க வேண்டியது "உனக்கு என்ன நடந்தது?" என்பதல்ல, "பிறந்தநாள் எப்போது, எந்த மாநிலத்தில் இருக்கிறாய்?" என்பதுதான். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, 21 வயதானால் தகுதி போய்விடும் என்ற ஏஜ் அவுட் பயத்தோடு மாதாமாதம் விசா புல்லட்டின் பார்க்கும் நம் வாசகர்களுக்கு இது எளிதில் புரியும். மனு ஏற்கப்பட்டாலும் இந்தப் பிள்ளைகள் கிரீன் கார்டுக்கான இபி-4 வரிசையில் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். இன்னொன்றையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: இந்த வழியில் கிரீன் கார்டு பெற்றவர் பின்னாளில் குடியுரிமை பெற்றாலும் பெற்றோருக்காக மனு போட முடியாது. கொடுமை செய்யாத தாய்க்கும் முடியாது.

தஞ்ச மனுவுக்கு வேறு கணக்கு. துணையற்ற குழந்தை என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு வந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு இல்லை. ஐ-589 மனுவை முதலில் விசாரிப்பது நீதிபதி அல்ல, எதிர் வக்கீல் இல்லாத அறையில் ஒரு தஞ்ச அதிகாரி. வாக்குமூலம் தயாரிக்கும்போது தேதி கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல வராது. எந்த வகுப்பில் படித்தாய், ஊர்த் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் வரும். ஒரே அமர்வில் முடிக்க நினைப்பது வீண். குவாத்தமாலாவின் பழங்குடி மொழிகளான மாம், கிச்சே பேசும் பிள்ளைக்கு மாமிலிருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம் என்று பல சமயம் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அழைத்துவந்த மாமாவை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. கட்சிக்காரர் அந்தப் பிள்ளைதான்; பணம் கட்டுபவர் யாராயிருந்தாலும் அவர் வெளியே காத்திருக்க வேண்டும். கடனை அடைக்க இரவு ஷிப்ட் வேலைக்கு அனுப்புபவர் அவராகவே இருக்கலாம். அப்படியென்றால் அது ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்குத் தரும் டி விசாவுக்கான வழக்கு.

வக்கீல் இருந்த பிள்ளைகளில் 73 சதவீதம் பேர் தங்க அனுமதிக்கப்பட்டார்கள், இல்லாதவர்களில் 15 சதவீதம் மட்டுமே என்ற சிராக்யூஸ் பல்கலைக்கழக டிராக் அமைப்பின் 2014 கணக்கைக் கட்டுரை காட்டியிருக்கிறது. எண் சரிதான். ஆனால் ஆள் பற்றாக்குறையில் வக்கீல்கள் வலுவான வழக்குகளை முதலில் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வேறுபாடு முழுவதும் வாதத் திறமையால் வந்ததல்ல.

பண விஷயத்துக்கு வருகிறேன். 2008ஆம் ஆண்டுச் சட்டம், இயன்ற அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் வக்கீல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சுகாதாரத் துறைக்குச் சொல்கிறது. 2025 மார்ச் 21 அன்று, சுமார் 26,000 குழந்தைகளின் வழக்குகளை நடத்திய ஒப்பந்தத்தில் உரிமை விளக்கக் கூட்டங்களுக்கான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு நடத்தும் பகுதியை அரசு நிறுத்தியது. ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உரிமைகளை விளக்கிவிட்டு, அவற்றைக் கேட்டு மனு போட ஆள் இல்லையென்று அனுப்புவதில் என்ன பயன்? இப்படிப் பணம் நின்றால் வக்கீல்கள் உடனே விலகிவிடவும் முடியாது. வக்காலத்துப் போட்டவர் விலக நீதிபதி அனுமதி வேண்டும். எனவே பழைய வழக்குகள் சம்பளமின்றி ஓடும், புதிய பிள்ளைக்குக் கதவு அடைபடும்.

தன்னார்வ வக்கீல்கள் இந்த இடத்தை நிரப்புவார்கள் என்ற கட்டுரையின் நம்பிக்கையும் பாதிதான் சரி. கலிபோர்னியா உரிமம் உள்ளவர் மேரிலாந்துக் குடியேற்ற நீதிமன்றத்தில் தாராளமாக வாதாடலாம். மேரிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தில் அந்த மாநில உரிமம் இல்லாமல் பொதுவாக அவரால் தனியாக நிற்க முடியாது. வக்கீல் அல்லாத, நீதி அமைச்சக அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் குடியேற்ற மனுக்களைத் திறம்படச் செய்வார்கள். அவர்களுக்கும் மாநில நீதிமன்றத்தில் இடமில்லை. உதவ விரும்பும் அமெரிக்க வாசகர்களில், வசிக்கும் மாநிலத்தில் குடும்பச் சட்டம் பயின்ற வக்கீல்கள் இருந்தால், அருகிலுள்ள சட்ட உதவி அமைப்பிடம் குடியேற்ற வழக்கைக் கேட்க வேண்டாம். பொறுப்பு ஒப்படைப்பு வழக்கு ஒன்றைக் கேளுங்கள். குடியேற்றப் பகுதியை அந்த அமைப்பு பார்த்துக்கொள்ளும். அங்கே தட்டுப்பாடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிற ஆட்களுக்குத்தான்.

இப்படிக்கு,
குடியேற்ற வழக்குகளில் பணியாற்றும் ஒரு வாசகர்,
மேரிலாந்து