கச்சான் சரையும் காபன் குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் காபன் நனோ குழாய் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். தமிழில் இதெல்லாம் எழுதுகிறீர்களே என்று சந்தோஷம்தான், ஆனால் "செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எல்லாக் குழாயும் அப்படிக் கடத்தாது. நான் உப்புவெளியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன், திங்கட்கிழமையே ஒரு பொடியன் அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்து, "சேர், அப்ப ஏன் இன்னும் வயரெல்லாம் செம்பில இருக்கு?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் கச்சான் சரை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பத்திரிகைத் தாளை நேராகச் சுற்றினால் எழுத்து வரி வளையமாக ஓடும், கொஞ்சம் சரித்துச் சுற்றினால் திருகாணி மரை போல ஏறும். ஒரே ஒரு அணுத் தடிப்புள்ள காபன் தாள்தான் கிராபீன், அதைச் சுற்றினது போன்றதுதான் இந்தக் குழாய். சரிவையும் பருமனையும் குறிக்க இரண்டு முழு எண்கள் கொடுப்பார்கள்; அவற்றின் வித்தியாசம் 3 ஆல் மீதியின்றிப் பிரிந்தால் குழாய் ஏறக்குறைய உலோகம், பிரியாவிட்டால் குறைகடத்தி, அதாவது உலோகம் மாதிரித் தாராளமாகக் கடத்தாது. குழாயைச் சுற்றி வரும் இலத்திரன் அலை தன் வாலைத் தானே பிடிக்க வேண்டும், அதனால் எல்லா அலையும் பொருந்தாது. எது பொருந்தும் என்பதைச் சுற்றின விதம்தான் தீர்மானிக்கிறது.

கலவையாக வளர்த்தால் மூன்றில் ஒரு பங்கு உலோகமாக வந்துவிடும். திரான்சிஸ்டர் என்கிற குட்டி மின் சுவிட்ச் செய்கிறவர்களுக்கு அதுதான் தலையிடி, உலோகக் குழாய் ஒன்று இடையில் விழுந்தால் சுவிட்ச் அணையவே அணையாது. 1991 இல் ஜப்பானின் ஐஜிமா இந்தக் குழாய்களைப் படம் பிடித்துக் காட்டினார், 14,000 க்கு மேற்பட்ட குழாய்த் திரான்சிஸ்டர்களோடு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு 16 பிட் புரொசசரை ஓட்டிக் காட்ட 2019 ஆகிவிட்டது.

அப்புறம், "காபனுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை" என்ற வரி. புல்மோட்டைக் கறுப்பு மணலில் காந்தத்தை இழுத்து விளையாடின எங்களுக்குக் காந்தம் என்றால் ஒட்ட வேண்டும், சரி. ஆனால் காபனின் ஒரு வடிவமான பென்சில் காரீயம் (கிராபைட்) ஒட்டாது, விலகும். அமத்தினால் லெட் வருகிற பென்சில் இருக்கிறதே, அந்த லெட் ஒன்றை நடுவில் மெல்லிய நூல் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றின காந்தத்தை அதன் நுனிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். தயங்கித் தயங்கி மறுபக்கம் திரும்பும். வகுப்பில் அன்று இதைச் செய்யப்போய் அரை மணி நேரம் வேறு பாடமே நடக்கவில்லை.

இதைவிட விசித்திரம் கிராபீனின் ஓரம். நனோமீற்றர் அகல நாடாவாக வெட்டி, ஓரம் வாள் பல் மாதிரி அமைந்தால், அந்த ஓர இலத்திரன்களின் சுழற்சி (ஸ்பின், ஒவ்வொரு இலத்திரனையும் ஒரு குட்டிக் காந்தமாக்குகிற குணம்) ஒரே பக்கம் அணிவகுக்கும், எதிர் ஓரத்தில் நேர்மாறாக. இரும்பு ஒரு துணிக்கைகூட இல்லை! 1996 இலேயே ஜப்பானியர் கணக்குப் போட்டுச் சொன்ன விஷயம் இது.

திருத்தம் ஒரு சின்னப் பெட்டியில் போட்டால் போதும். படமும் போடுவதென்றால் குழாயின் படமாகப் போடுங்கள், போன முறை போட்டது 60 காபன் அணு கொண்ட, உதைபந்து மாதிரியான ஃபுலரீன்.

– ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை