நொதி மருந்துகளின் ஃபைலை மூடிவிடாதீர்கள்

மருந்து ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கும், அந்த நிதியைத் தீர்மானிக்கும் சுகாதார அமைச்சகங்களுக்கும் வணக்கம்.

ரத்தத்தில் பரவும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கு எதிராக உருவான எக்ஸிபகேஸ் என்ற நொதி (என்சைம்) மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2022 ஜூலையில் பாதியிலேயே நின்றது. பலன் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதை உருவாக்கிய நிறுவனமும் அடுத்த ஆண்டே திவாலானது. இதைக் காட்டி, நொதிகளுக்கு வாய்ப்புக் கொடுத்தாயிற்று, தேறவில்லை என்று எழுதி முடித்துவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் இந்த நொதிகள் நமக்குப் புதியவை அல்ல. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருக்கும் லைசோசைமை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-ல் விவரித்தார். பெனிசிலின் அவர் கண்ணில் பட்டது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டி முடிக்கவிடாமல் தடுக்கிறது. அதனால் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவிடம்தான் அதன் வேலை நடக்கும். லைசோசைமோ கட்டி நிற்கும் சுவரின் சர்க்கரைச் சங்கிலியையே வெட்டுகிறது. சுவர் பலமிழந்ததும் உள்ளே இருக்கும் அழுத்தமே செல்லை வெடிக்க வைத்துவிடும்.

இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே இதைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். (அந்த வேலையை விளம்பரக்காரர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.) ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களில் சுவருக்கு வெளியே இருக்கும் சவ்வைத் தாண்ட லைசோசைம் திணறும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சுவரில் சிறு வேதி மாற்றம் செய்துகொண்டு அதை ஏமாற்றிவிடும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முட்டையிலிருந்து எடுத்த லைசோசைம் ஆகாது.

நம்பிக்கை தருவது இன்னொரு வகை. பாக்டீரியாவுக்குள் பெருகும் பேஜ் வைரஸ்கள் வெளியேறும்போது சுவரை உடைக்க எண்டோலைசின் என்ற நொதியைப் பயன்படுத்துகின்றன. அதைத் தனியாகப் பிரித்து வெளியிலிருந்து தடவினாலும் சுவர் உடைகிறது என்பதை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு 2001-ல் எலிகளில் காட்டியது. பல எண்டோலைசின்களில் ஒரு பகுதி குறிப்பிட்ட இனத்தின் சுவரைப் பற்றிக்கொள்ளும், மற்றொரு பகுதி வெட்டும். அதனால் குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எதிர்ப்புத்திறனே உருவாகாது என்று மட்டும் யாரும் உறுதி கொடுக்கக் கூடாது. இதே போலச் சுவரை வெட்டும் லைசோஸ்டாஃபின் என்ற நொதியிடமிருந்து தப்ப, ஸ்டஃபிலோகாக்கஸ் தன் சுவரின் இணைப்புகளையே மாற்றிக்கொண்டதை ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன.

எக்ஸிபகேஸுக்கு வருவோம். அதுவும் ஒரு எண்டோலைசின்தான். வழக்கமான ஆன்டிபயாடிக்குடன் ஒரே ஒரு தடவை ஏற்றப்பட்ட மருந்து அது. இரண்டாம் கட்டத்தில், மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகைத் தொற்று இருந்தவர்களில் 74.1 சதவீதம் பேர் தேறினார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 31.3 சதவீதம். சிறிய குழு, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, சரி. மூன்றாம் கட்டம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவும் இல்லை. ஆனால் அங்கே தோற்றது ஒரு நொதி, ஒரு அளவு, ஒரு வகை நோயாளிகள். காயத்தில் நேரடியாகப் பூசுவது, செயற்கை மூட்டில் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிப் படியும் பயோஃபிலிம் என்ற படலத்தைக் கரைப்பது எல்லாம் தனித்தனிக் கேள்விகள்.

உண்மையான முட்டுக்கட்டை பணம்தான். ஒரே இனத்தைத் தாக்கும் மருந்து குறைவாகத்தான் விற்கும். பல இனங்களைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகளே தப்பவில்லையே! பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தும், அதை உருவாக்கிய அக்காவோஜென் நிறுவனம் 2019-ல் திவாலானது. விற்பனையை வைத்து எடை போட்டால், நொதியின் நல்ல குணமே அதற்கு எதிரியாகிவிடும்.

எனவே கேட்பது இவ்வளவுதான். இங்கிலாந்து 2022-ல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்குச் செய்ததுபோல், எத்தனை குப்பி விற்றது என்று பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுங்கள். நொதிகளையும் அந்தத் திட்டத்தில் சேருங்கள். எந்த பாக்டீரியா என்று சில மணி நேரத்தில் சொல்லும் பரிசோதனைக்கும் சேர்த்தே நிதி கொடுங்கள், அது இல்லாமல் குறிபார்த்துத் தாக்கும் மருந்தை மருத்துவர் எப்படி எழுதுவார்? அப்புறம், உங்கள் பணத்தில் நடந்து நின்றுபோன சோதனைகளின் முழுத் தரவையும், நிறுவனம் மூடப்பட்டாலும் அடுத்த குழுவின் கைக்குக் கிடைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.