நோவா கணக்கும் சூப்பர் கம்ப்யூட்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டி கொரோனே பொரியாலிஸ் விண்மீன் மறுபடி வெடிக்கும் என்று எதிர்பார்ப்பது பற்றிய கட்டுரை படித்தேன். 1866, 1946 என்று முன்பு வெடித்த ஆண்டுகளையும் போட்டிருந்தீர்கள், சரி. ஆனால் வெடிப்பில் எந்தத் தனிமம் எவ்வளவு உருவாகும் என்பதை சூப்பர் கம்ப்யூட்டர் துல்லியமாகச் சொல்லிவிடும் என்று முடித்திருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீன்) மேல் துணை விண்மீனின் ஹைட்ரஜன் வந்து குவிந்து, அடியில் வெப்பம் 10 கோடி டிகிரியைத் தாண்டி ஏறும்போது ஏகப்பட்ட அணுக்கரு வினைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இந்த வெடிப்புக்குத்தான் நோவா என்று பெயர். ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக நடக்கும் என்ற எண்ணை நாம்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டும். 2002-ல் இலியாடிஸ் என்ற அணுக்கரு இயற்பியல் ஆய்வாளரின் குழுவினர் 175 வினைகளின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஏறக்குறைய 7,350 முறை கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான வினைகளை மாற்றியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஒரு சில மட்டும் விடையையே புரட்டிப் போட்டன.

அதில் ஒன்று ஃப்ளூரின்-18 புரோட்டானோடு, அதாவது ஹைட்ரஜனின் அணுக்கருவோடு, மோதி ஆக்சிஜன்-15 ஆவது (பெயரை ஒட்டி வரும் எண் எந்த எடையுள்ள அணு என்பதைக் காட்டும்). (பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றுகிறார்களே, அதே ஃப்ளூரின்-18தான்.) வெடித்த சில மணி நேரத்தில் வரவேண்டிய காமா கதிர்களுக்கு முக்கியக் காரணம் இந்த ஃப்ளூரின். மோதல் வினை நாம் நினைத்ததைவிட வேகமாக நடந்தால் அது மிஞ்சாது, அப்புறம் எவ்வளவு தொலைவிலுள்ள நோவாவின் காமா கதிரைச் செயற்கைக்கோள் பிடிக்கும் என்ற கணக்கும் சுருங்கிவிடும். அதேபோல, விண்கல்லுக்குள் கிடைக்கும் சில துகள்கள் நோவாவில் பிறந்தவையா என்று பார்க்க சிலிக்கான்-30 உதவுகிறது. நோவாவில் அது எவ்வளவு உருவாகும் என்பது பாஸ்பரஸ்-30 புரோட்டானை வாங்கிக்கொள்ளும் வேகத்தைப் பொறுத்தது.

அளந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம், பாஸ்பரஸ்-30-க்கு இரண்டரை நிமிடம்தான். இலக்காக வைத்து அடிக்க அவகாசம் கிடையாது, அந்த அணுக்களையே வேகமாகப் பாயும் கற்றையாக்கி ஹைட்ரஜன் மேல் பாய்ச்ச வேண்டும், அப்படிப் பாய்ச்சினாலும் நோவாவில் இருக்கும் அளவு குறைந்த ஆற்றலில் கைக்குச் சிக்கும் வினைகள் சொற்பம். வான்கூவரில் உள்ள ட்ரையம்ஃப் ஆய்வுக்கூடத்தின் டிராகன் கருவி இதேபோல் சீக்கிரம் சிதைந்துவிடும் சோடியம்-21 அணுக்களின் கற்றையை வைத்து இப்படித்தான் அளந்தது. எவ்வளவு பெரிய கணினி வாங்கினாலும் இந்த வேலை மிச்சமாகாது.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால், கணக்கில் போன வேகங்களில் எது அளந்தது, எது ஊகம் என்று எழுதியவரிடம் கேட்டு ஒரு பத்தியாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கரூர்