பாறை ஓவியத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

ஐயா,

சிவகங்கை அருகே திருமலைக்குப் பாறை ஓவியம் பார்க்கச் செல்வோர் கவனத்துக்கு: படம் பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். பாறைக்குள் இருக்கும் உப்பு நீரில் கரைந்து மேலே வரும். காய்ந்ததும் வெள்ளைப் படலமாக ஓவியத்தையே மூடிவிடும். சாக்பீஸால் ஓவியக் கோடுகளை எடுத்துக்காட்டுவதும் கூடாது.

அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், பாறைக்கு நேர் எதிரே நின்று படமெடுங்கள். 'டி-ஸ்ட்ரெட்ச்' மென்பொருள் மங்கிய சிவப்பைத் தூக்கிக்காட்டும். ஆனால் பாறையில் இயல்பாகப் படிந்த இரும்புக் கறையையும் மானாகக் காட்டிவிடும்! மூலப்படத்தோடு ஒப்பிடாமல் எதையும் நம்பக் கூடாது.

சிவப்பு ஓவியங்களைத் தீட்டிய காவி என்பது இரும்பு ஆக்சைடு. அதில் கரிமம் இல்லாததால் கார்பன் முறையில் நேரடியாக வயது சொல்ல முடியாது. எந்தக் கோட்டின் மேல் எந்தக் கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்தால் முன்பின் மட்டுமே தெரியும்.

கை கோத்த உருவங்களைக் கண்டதும் 'சடங்கு நடனம்' என்று எழுதிவிடுகிறோம். நம் செட்டிநாட்டில் நடுவீட்டுக் கோலத்துக்கே வீட்டுக்கொரு விளக்கம் சொல்வார்கள். குறிப்பேட்டில் முதலில் உருவம், நிறம், அளவை எழுதுங்கள். ஊகத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

– வாசகர், காரைக்குடி