பாதிக் குழாயை மாற்றிவிட்டு முழுக் கணக்கு எழுதியது குறித்துப் புகார்

பெறுநர்:
பொறுப்பாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
நகரக் குடிநீர் வழங்கும் நிறுவனம்.

அனுப்புநர்:
பதினேழு ஆண்டுகளாக உங்கள் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்திவரும் வாடிக்கையாளர்.

பொருள்: எங்கள் வீட்டு ஈய இணைப்புக் குழாய் பாதி மட்டுமே மாற்றப்பட்டிருக்க, "மாற்றப்பட்டது" என்று பதிவு செய்திருப்பது.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் 14ஆம் தேதி உங்களிடமிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. வழுவழுப்பான தாள், ஒரு நீர்த்துளியின் படம், அதன் கீழே "தங்கள் இல்லத்தின் ஈய இணைப்புக் குழாய் மாற்றப்பட்டுவிட்டது" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அன்று மாலையே அந்த மடலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய்க் குந்தினேன். தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் அங்கேதான் சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது.

வீட்டுச் சாவியின் முனையால் குழாயை லேசாகச் சுரண்டினேன். மேலிருந்த சாம்பல் நிறப் படலம் விலகி, உள்ளே வெள்ளிபோல் மின்னியது. குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து எடுத்து வந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; ஒட்டாமல் விழுந்தது. தாமிரமாக இருந்தால் செம்பு நிறம் தெரிந்திருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பாக இருந்தால் காந்தம் கவ்வியிருக்கும். போதாக்குறைக்கு, சுவரை ஒட்டிய இடத்தில் இரை விழுங்கிய பாம்பின் வயிறுபோல் ஒரு புடைப்பு. பழைய ஈயக் குழாய்களின் மூட்டு அப்படித்தான் இருக்கும். இந்தச் சோதனையெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாக நீங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தவைதாம். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆக, மாற்றப்பட்டதாக நீங்கள் சொல்லும் குழாய் என் கண் முன்னால் அப்படியே இருக்கிறது.

நடந்தது என்ன என்பதை முறையாகச் சொல்கிறேன். உங்கள் பணியாளர்கள் நான்கு பேர் ஒரு காலையில் வந்தார்கள். தெருவில் ஒரு பள்ளம், எங்கள் வாசலில் ஒரு பள்ளம். பிரதானக் குழாயிலிருந்து வாசல் வால்வு வரை இருந்த ஈயக் குழாயை எடுத்துவிட்டுப் புதிய தாமிரக் குழாய் பதித்தார்கள். வால்வுக்கு இந்தப் பக்கம், அதாவது வாசலிலிருந்து மாடிப்படிக்கு அடி வரை, பழைய ஈயம் இருந்தபடியே இருந்தது. புதியதையும் பழையதையும் ஒரு பித்தளை இணைப்பால் முடுக்கிவிட்டு, மாலைக்குள் மண்ணை மூடிவிட்டார்கள். "மீதியை எப்போது மாற்றுவீர்கள்?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். "எங்களுக்குக் கொடுத்த வேலை வாசல் வரைதான் சார். உள்ளே இருப்பது உங்கள் சொத்து" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டியவர் அவர். கணக்கு எழுதியவர் வேறு யாரோ.

பாதிக் கிணறு தாண்டியவன் கிணற்றுக்குள்தான் விழுவான் என்பார்கள். ஈயக் குழாய் விஷயத்தில் அது வெறும் பழமொழியாக நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் நீர் ஓடிய ஈயக் குழாயின் உட்சுவரில் ஒரு படலம் படிந்திருக்கும். நீங்கள் நீரில் கலக்கும் பாஸ்பேட்டின் வேலையே அந்தப் படலத்தைக் கெட்டியாக்கி, ஈயம் கரையாமல் பிடித்துவைப்பதுதான். பக்கத்தில் பள்ளம் தோண்டி, குழாயை அறுத்து, இழுத்து முறுக்கினால் அந்தப் படலம் பெயர்ந்து துகள் துகளாக நீரோடு வரும். எங்கள் சமையலறைக் குழாயின் முனையில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன். கரும்சாம்பல் நிறத்தில் நொய்போல் துகள்கள். அத்தோடு முடியவில்லை. ஈயமும் தாமிரமும் ஒன்றோடொன்று இணைந்து நீரில் நனைந்தபடி கிடந்தால் அது ஒரு சிறிய மின்கலம்தான்; அதில் அரிக்கப்படுவது ஈயம். அதாவது, முன்பு சும்மா கிடந்த என் பாதிக் குழாயை நீங்கள் பக்கத்தில் தாமிரத்தை வைத்து உசுப்பிவிட்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011இலேயே இதை ஆராய்ந்து, பாதி மாற்றம் நீரிலுள்ள ஈயத்தை நம்பகமாகக் குறைப்பதில்லை என்றும், மாற்றிய பின் சில நாள் முதல் சில மாதங்கள் வரை ஈயம் கூடவும் செய்கிறது என்றும் சொல்லிவிட்டது. வாஷிங்டன் நகரில் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிப் பாதி பாதியாக மாற்றிப் பட்டறிந்தார்கள். மற்றவர்கள் பட்ட பிறகும் நாம் அதே பள்ளத்தைத் தோண்ட வேண்டுமா?

பிறகு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் கடைசியில் பேசியவர் சொன்ன பதிலை எழுதாமல் இருக்க முடியாது. "சந்தேகமாக இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்றார். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. அந்த உவமை இவ்வளவு பொருத்தமாக வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. நீர் ஆவியாகிப் போகப் போக, மிச்சமுள்ள நீரில் ஈயத்தின் அளவு கூடத்தான் செய்யும். எங்கள் மாடியில் குடியிருக்கும் குடும்பத்தில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை. அந்தத் தாய் உங்கள் ஊழியரின் பேச்சைக் கேட்டிருந்தால், தண்ணீரைக் காய்ச்சி, ஈயத்தைக் கூட்டி, அதிலேயே மாவு கலந்து கொடுத்திருப்பார். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஈயம் எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும், மூளையின் வளர்ச்சியைத் தொடும். தொலைபேசியில் பதில் சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரியையாவது சொல்லிக்கொடுங்கள்.

இனி நீர்ச் சோதனை. பலமுறை கேட்ட பின் உங்கள் ஆய்வாளர் ஒருவர் நண்பகலில் வந்தார். குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி வைத்தார். குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டார். அதன் பிறகே புட்டியில் மாதிரி பிடித்தார். முடிவு: லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். ஈயக் குழாயில் கிடந்த நீரையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, தெருவிலிருந்து அப்போதுதான் வந்த நீரைச் சோதித்தால் வேறு என்ன முடிவு வரும்? குற்றவாளியைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு வீட்டைச் சோதனை போட்டது போலத்தான் இதுவும்.

நானே ஒரு தனியார் ஆய்வகத்தை நாடினேன். அவர்கள் சொன்னபடி இரவு முழுக்க எந்தக் குழாயையும் திறக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நீர் அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. விடிந்ததும் சல்லடையைக் கழற்றாமல், முதல் லிட்டரிலிருந்து ஐந்தாவது லிட்டர் வரை வரிசையாகப் பிடித்துக் கொடுத்தேன். முதல் லிட்டர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் குழாயிலும் அதன் முனையிலும் நின்ற நீர். மண்ணுக்கடியில் இணைப்புக் குழாயில் நின்ற நீர் கையில் கிடைக்க ஐந்தாவது லிட்டர் வரை காத்திருக்க வேண்டும். முதல் லிட்டரில் 9 மைக்ரோகிராம். ஐந்தாவதில் 38. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. அதுவும் "இதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை" என்று வகுத்த எல்லை இல்லை. நடைமுறையில் எட்டக்கூடியது என்று வைத்த எண். ஆய்வக அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்டபோது, "ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, அதனால்தான் உள்பக்கத்தைத் தொடவில்லை" என்றார்கள். அந்தப் படிவத்தை எனக்குக் காட்டும்படி கேட்டேன். அதிலிருந்த பெயர், பதினேழு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இந்த வீட்டை விற்றவருடையது. கட்டணச் சீட்டு மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் பெயருக்குப் போனதில்லை.

உள்ளே இருப்பது என் சொத்து என்ற வாதத்துக்கும் வருகிறேன். காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு காலத்தில் நகரங்களே ஈயத்தை விரும்பிப் பதித்தன. வளைக்க எளிது, மண் அசைந்தாலும் உடையாது, நெடுங்காலம் உழைக்கும் என்றார்கள். சிகாகோவில் 1986 வரை ஈய இணைப்புதான் போட வேண்டும் என்று நகர விதியே இருந்தது. லத்தீனில் ஈயத்துக்குப் 'பிளம்பம்' என்று பெயர். நாம் இன்று பிளம்பர் என்று அழைக்கும் தொழிலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அப்படி ஒரு தொழிலும் நகரமும் சேர்ந்து புதைத்து வைத்ததை இன்று வீட்டுக்காரன் மட்டும் தோண்டி எடுக்க வேண்டும் என்றால் அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

முழுதாகச் செய்த நகரங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் 2001இல் தொடங்கி, வீட்டு எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்த்தே மாற்றி, ஏறக்குறைய பத்தாண்டுகளில் முடித்தது. உரிமையாளரின் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. நியூ ஜெர்சியின் நூவர்க் நகரம் 23,000க்கும் மேற்பட்ட குழாய்களை மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றியது, வீட்டுக்காரர்களிடம் காசு வாங்காமல். அங்கேயும் உங்களுக்கு வந்த அதே கையெழுத்துச் சிக்கல் வந்தது: வாடகைக்கு இருப்பவர் ஒருவர், வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர், அவர் எங்கோ. 2019இல் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டு, உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே சென்று மாற்றலாம் என்று ஆக்கியது. டென்வரில், குழாய் மாற்றும் வரைக்கும் மாற்றிய பிறகு ஆறு மாதத்துக்கும் வடிகட்டிக் குவளை கொடுக்கிறார்கள். எங்களுக்கு வந்தது நீர்த்துளிப் படம்.

இந்தப் புகாரின் மையம் கணக்குதான். நகரத்தின் ஈயக் குழாய்த் திட்டம் எவ்வளவு முடிந்தது என்று நீங்கள் அவ்வப்போது ஓர் எண்ணை அறிவிக்கிறீர்கள். அந்த எண்ணில் என் வீடும் ஒன்று. எனக்குப் பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும் அதே பணியாளர்கள் அதே நாளில் அதே மாதிரிதான் வாசலோடு நிறுத்தினார்கள். அவையும் அதில் இருக்கும். இப்படி எத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். "மாற்றப்பட்டது" என்று ஒரு முறை ஏட்டில் ஏறிவிட்டால் அந்த வீட்டுக்கு இனி யாரும் வரமாட்டார்கள். வடிகட்டி கேட்டால், உங்களுக்குத்தான் மாற்றியாயிற்றே என்பார்கள். நாளை இந்த வீட்டை வாங்குபவர் உங்கள் பதிவேட்டைப் பார்த்து நம்பிவிடுவார். ஈயக் குழாய் என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஜாக்கிரதையாக இருப்போம். மாறிவிட்டது என்று எழுதியிருப்பதுதான் ஆபத்து.

ஆகவே முதலில் என் வீட்டின் பெயரை உங்கள் முடிந்த பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "பாதி மாற்றப்பட்டது, வீட்டுப் பக்கம் ஈயம்" என்று உள்ளது உள்ளபடி எழுதி, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். வாசலோடு நிறுத்திய மற்ற வீடுகளையும் அப்படியே தனியாகப் பிரித்து, அடுத்த அறிவிப்பில் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீதிக் குழாயை மாற்ற ஒப்புதல் படிவத்தை இந்த முறை என் பெயருக்கு அனுப்புங்கள். வந்த அன்றே கையெழுத்திட்டுத் திருப்புகிறேன். செலவை யார் ஏற்பது என்பதைப் பேசிக்கொள்ளலாம். ஆனால் பேசி முடியும்வரை ஈயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற வடிகட்டிகள் இரண்டு, ஒன்று எங்களுக்கும் ஒன்று மாடி வீட்டுக்கும், இந்த வாரத்துக்குள் வேண்டும். குழாயை மாற்றி முடிக்கும் அன்று, எல்லாச் சல்லடைகளையும் கழற்றிவிட்டுக் கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி அரை மணி நேரமாவது நீரை ஓடவிட வேண்டும் என்பதை உங்கள் ஆட்களே எங்களுக்குச் செய்து காட்டட்டும். சென்ற முறை யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு மாதிரி எடுக்க வருபவர் விடியற்காலையில் வரட்டும், ஐந்தாவது லிட்டரையும் எடுக்கட்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே கடிதத்தை ஆய்வக அறிக்கையோடு நகர மன்றத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அனுப்புவேன்.

மாடி வீட்டுக் குழந்தைக்கு இப்போது கடையில் வாங்கிய புட்டித் தண்ணீரில்தான் பால் கலக்கிறார்கள். அதற்கான ரசீதுகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் தவறாக இடம்பெற்றிருக்கும் வாடிக்கையாளர்

இணைப்பு: தங்கள் மடலின் நகல், தனியார் ஆய்வக அறிக்கை, சுரண்டிய குழாயின் புகைப்படங்கள் மூன்று, முந்தைய உரிமையாளர் பெயரிலுள்ள ஒப்புதல் படிவத்தின் நகல்.