ஞாயிறு மதியம் எங்கே சாப்பிடலாம்? நம் விடுதி விருந்தினர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மதியம் நம் விடுதியில் ஏன் அடுப்பு பற்றவைப்பதில்லை என்று தங்க வருகிறவர்களில் பலர் கேட்கிறீர்கள். சமைக்கிற அக்காவுக்கு அன்றைக்கு விடுமுறை என்பது முதல் காரணம். லண்டன் வரைக்கும் வந்துவிட்டு, ஒரு ஞாயிறாவது இந்த ஊர்க்காரர்களோடு பப்பில் உட்கார்ந்து ரோஸ்ட் (ஓவனில் வெந்த இறைச்சி, முறுகிய உருளைக்கிழங்கு, மேலே ஊற்றும் கிரேவி எல்லாம் சேர்ந்த தட்டு) சாப்பிடாமல் போகக்கூடாது என்பது இரண்டாவது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறிக்கடை வரிசை எப்படியோ, இங்கே அடுப்பில் முழுசாக வேகும் இறைச்சி அப்படி.

ஆனால் போய்விட்டு வருகிறவர்களில் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்புகிறார்கள். "கறி வறண்டு கிடக்கிறது, உருளைக்கிழங்கைக் கடிக்க முடியவில்லை, இதற்கா தலைக்கு இருபது பவுண்டு?" விசாரித்தால் கதை ஒன்றுதான். காலையில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போயிருப்பார்கள். சுற்றிக் களைத்து, நாலு மணிக்குப் பசியோடு கண்ணில் பட்ட பப்புக்குள் நுழைந்திருப்பார்கள். எந்த பப் நல்ல பப் என்று எங்களிடம் கேட்கிறீர்கள். எத்தனை மணிக்குப் போவது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சமையலறைக்குள் நடப்பதைச் சொன்னால் விளங்கும். ரோஸ்ட் தட்டில் இருப்பது எதுவும் நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகு முதலிலிருந்து செய்யப்படுவதல்ல. பெரிய இறைச்சித் துண்டுகள் காலையிலேயே ஓவனுக்குள் போகும். வெந்ததும் வெளியே எடுத்து, சாறு உள்ளேயே அடங்கும்படி ஆறப் போட்டு, அப்புறம்தான் அறுப்பார்கள். உருளைக்கிழங்கை அரைவேக்காடாக அவித்து, பாத்திரத்தோடு குலுக்கி மேல்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, சூடான கொழுப்பில் போட்டு மறுபடி ஓவனில் முறுகவிடுவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. அந்தப் பதம் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆறாமலிருக்க மேலே தொங்கும் விளக்கின் சூட்டில் வைத்துவிட்டால் தோல் தடித்து, இழுத்தால் வருகிற மாதிரி ஆகிவிடும். யார்க்‌ஷயர் புடிங் (பெயரில்தான் புடிங், இனிப்பல்ல; கறியோடு சாப்பிடுவது) அதைவிட மோசம். மைதா, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, புகைகிற கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்தால் குபுகுபுவென்று உப்பும். எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் அமுங்கத் தொடங்கும்.

ஆக, 12.30 மணிக்கு உங்களுக்குக் கிடைக்கிற தட்டும் 4 மணிக்குக் கிடைக்கிற தட்டும் ஒரே பப்பின் பெயரில் வருகிற இரண்டு வேறு சாப்பாடுகள். நல்ல சமையல்காரர்கள் கிழங்கையும் புடிங்கையும் இரண்டு மூன்று ஈடாகப் பிரித்துப் போடுவார்கள். எல்லா இடத்திலும் அந்த அக்கறை இருக்காது. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னது இங்கேயும் செல்லும். 12 மணிக்கும் 1.30க்கும் இடையே டேபிள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். "மாட்டிறைச்சி தீர்ந்துவிட்டது, கோழிதான் இருக்கிறது" என்று மூன்று மணிக்கு ஒரு பப்பில் சொன்னால் கோபப்படவும் வேண்டாம். அது அளவோடு சமைக்கிற இடம். அடுத்த ஞாயிறு சீக்கிரமே அங்கே போங்கள்.

கடைக்குப் போவதைப் பின்னால் தள்ளுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவே ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். பன்னிரண்டுக்குத் திறக்கிற கடை ஆறு வரை இருக்கும். முதலில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் இரண்டும் நடக்கும். பப்புகளுக்கும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டுப்பாடு இருந்தது. 1995 வரைக்கும் ஞாயிறு மூன்று மணிக்கு மூடிவிட்டு ஏழு மணிக்குத்தான் திறக்க வேண்டும். இன்று சமையலறை மாலை வரை ஓடுகிறது. பழைய பழக்கத்தை விடாதவர்கள் இன்றும் ஒரு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், நல்ல தட்டும் அவர்களுக்கே போகிறது.

டேபிளை முன்கூட்டியே புக் செய்யுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் புதன், வியாழனுக்குள் முடித்துவிடுவது நல்லது. அப்படியே பக்கத்தில் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹாலோவே, ஹைபரி பக்கம் ஆர்சனல் ஆடுகிற ஞாயிறென்றால் பப்புகளுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஞாயிறு ஆட்டங்கள் பெரும்பாலும் 2 மணிக்கும் 4.30க்கும் தொடங்கும். ரயில் பாதை வேலைகளையும் ஞாயிறன்று அடிக்கடி வைப்பார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி: குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? தாராளமாகப் போகலாம். ஞாயிறு மதியம் பப்பில் பாட்டிகள், தள்ளுவண்டிக் குழந்தைகள், மேசைக்கடியில் படுத்திருக்கும் நாய் என்று எல்லாரும் இருப்பார்கள். மதுவிற்கும் இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமத்தின் நிபந்தனை. கூச்சப்படாமல் கேளுங்கள். நம் முந்தைய தலைமுறைக்கு இருந்த தயக்கத்தில் நியாயம் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர்களைச் சில பப்புகளில் உள்ளே விடாத காலம் அது. 1965ஆம் ஆண்டு இனவுறவுச் சட்டம் வந்த பிறகுதான் அது சட்டவிரோதமானது. பர்மிங்ஹாம் பக்கம் போகிறவர்கள் ஸ்மெதிக், வெஸ்ட் பிரோம்விச் ஊர்களில் பஞ்சாபிகள் நடத்தும் பப்புகளை எட்டிப் பாருங்கள். தந்தூரிக் கறியும் பியரும் ஒரே மேசைக்கு வரும்.

உள்ளே போனால் சர்வர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். பல பப்புகளில் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய் நீங்களே சொல்லி, பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, நம்மைக் கவனிக்கவில்லை என்று எழுந்து வந்த குடும்பங்கள் உண்டு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கோழி ரோஸ்ட் கேட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். உருளைக்கிழங்கை முறுக்கிய கொழுப்பு மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம், வாத்துக் கொழுப்பாகவும் இருக்கலாம். யார்க்‌ஷயர் புடிங்குக்கும் அதே கொழுப்பு. கிரேவியை ஒரே அண்டாவில் மாட்டெலும்புச் சாற்றில் காய்ச்சி, கோழித்தட்டு, ஆட்டுத்தட்டு என்று எல்லாவற்றின் மேலும் ஊற்றுகிற இடங்களும் இருக்கின்றன. ஆகவே புக் செய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: கிழங்கு எந்தக் கொழுப்பில், புடிங் எந்தக் கொழுப்பில், கிரேவி எதில். எண்ணெயில் தனியாகச் செய்து தருகிற இடங்கள் இப்போது நிறையவே இருக்கின்றன, கேட்காவிட்டால் தெரியாது. சைவர்களுக்கும் இதே மூன்று கேள்விதான். நட் ரோஸ்ட் (கொட்டைப் பருப்புகளைச் சேர்த்து ஓவனில் சுட்டது), காளான் வெலிங்டன் (மாவுப் போர்வைக்குள் வைத்துச் சுட்ட காளான்) என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் இங்கே சைவம் என்றால் முட்டையும் அதில் சேர்த்தி. முட்டையும் ஆகாதென்றால் வீகன் என்று சொல்லுங்கள். ஹலால் இறைச்சியைச் சாதாரண பப்பில் எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்காமல் விசாரிக்கலாம். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகம் தகவல் தர வேண்டும் என்பது சட்டம்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தட்டில் சிவப்பாக நீர் கசியும். அது ரத்தமில்லை, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். மனசு ஒப்பவில்லையென்றால் நன்றாக வெந்த ஓரத்துண்டு வேண்டும் என்று கேளுங்கள். ஓரம் இரண்டு பக்கம்தான் இருக்கும் என்பதால் இதற்கும் முன்னால் வந்தவருக்கே யோகம். நம் நாக்குக்கு நாங்கள் சொல்வது ஆட்டுத் தோள்கறி. மணிக்கணக்கில் மெல்ல வெந்து, கரண்டி பட்டாலே எலும்பிலிருந்து கழன்று வரும். கூட வருகிற புதினா சாஸ் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்தது. நம் சட்னி என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மாட்டிறைச்சியோடு வரும் வெள்ளை ஹார்ஸ்ராடிஷ் (ஒரு காரமான வேரில் செய்த சாஸ்) கடுகு அரைத்த மாதிரி மூக்குக்கு ஏறும், கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். பன்றிக்கறியென்றால் மேல்தோல் படபடவென்று உடைகிறதா என்று பாருங்கள். ரப்பராக இழுத்தால் சமையலறையில் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

யார்க்‌ஷயர் பக்கத்து வீடுகளில் புடிங்கைக் கிரேவியோடு முதலில் பரிமாறி வயிற்றை அடைப்பார்களாம், விலை கூடிய கறி குறைவாகச் செலவாக. சிக்கனம் எல்லா ஊர் அடுப்படிக்கும் தெரிந்த கலைதான்.

இடங்கள்? நீங்கள் தங்கியிருப்பது ஹைகேட் முருகன் கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில். காலையில் கும்பிட்டுவிட்டு மேடேறினால் ஹைகேட் கிராமம். வெஸ்ட் ஹில்லில் ஃபிளாஸ்க், நார்த் ரோட்டில் ரெட் லயன் அண்ட் சன், இரண்டுமே பழகிய பப்புகள். வெயில் அடித்தால் ஃபிளாஸ்க்கின் முன்முற்றத்தில் இடம் கேளுங்கள். பார்லிமெண்ட் ஹில் அடிவாரத்தில் புல் அண்ட் லாஸ்ட். சாப்பாட்டுக்கென்றே போகிறவர்கள் அதிகம், அதனால் டேபிள் கிடைப்பது சிரமம். 210 பஸ் பிடித்தால் ஹாம்ஸ்டெட் ஹீத் ஓரமாக ஸ்பானியர்ட்ஸ் இன் வாசலிலேயே இறங்கலாம். எதிரே பழைய சுங்கச்சாவடி வீடு சாலையை நெருக்கிக்கொண்டு நிற்கும். வண்டிகள் மாறி மாறி விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும். பப்புக்குள் உயரக் கூரை இல்லாத இருண்ட அறைகள், பின்னால் பெரிய தோட்டம். குழந்தைகள் இருந்தால் தோட்டம். ஆடம்பரமாக ஒருநாள் என்றால் ஃபுல்ஹமில் ஹார்வுட் ஆர்ம்ஸ் இருக்கிறது. உயர்ந்த சமையலுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய முதல் லண்டன் பப், 2010இல். வெகு முன்னதாகவே புக் செய்ய வேண்டும். பில்லும் அதற்கேற்ப இருக்கும்.

சாமி கும்பிட்ட கையோடு கறியா என்று கேட்பவர்களுக்கும், ரோஸ்ட்டே வேண்டாம் என்கிற அப்பாக்களுக்கும் வேறு வழி இருக்கிறது. சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனில் போய் யூஸ்டனில் இறங்கினால் பின்னால் டிரம்மண்ட் தெரு, சைவ இந்திய உணவகங்கள் வரிசையாக. ஹேரிங்கே கிரீன் லேன்ஸில் துருக்கிக் கடைகள். கரி அடுப்பில் சுட்ட ஆட்டுக்கறி, கூடவே சூடான ரொட்டி, பெரும்பாலும் ஹலால். நம் சாப்பாட்டுக்கே மனம் ஏங்கினால் டூட்டிங் போய் யாழ்ப்பாணக் கடை ஒன்றில் ஆட்டுக்கறியும் கொத்து ரொட்டியும் சாப்பிடுங்கள்.

தெரியாத இடத்துக்குப் போவதாயிருந்தால் இணையத்தில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். செவ்வாய் இரவு பர்கர் சாப்பிட்டவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் ஞாயிறு ரோஸ்ட்டுக்கு உதவாது. ஞாயிறு என்று குறிப்பிட்டு எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். படத்தில் கிழங்கின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். மெனு சின்னதாக இருந்தால் நல்லது. நாலு வகை ரோஸ்ட்டோடு பீட்சா, இந்தியக் குழம்பு, நூடுல்ஸ் எல்லாம் இருந்தால் நாங்கள் போக மாட்டோம். வாசலில் ஒட்டியிருக்கும் 0 முதல் 5 வரையான எண் சுத்தத்துக்கானது, ருசிக்கானதல்ல. இங்கிலாந்தில் அதை ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உணவுத்தர ஆணைய இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கலாம். அது விருப்பத்துக்குரியது, பிடிக்கவில்லையென்றால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் நாங்கள் கொடுத்துவிடுகிறோம். கவுண்டரில் போய் வாங்கிக்கொள்கிற பப்பில் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். வயதானவர்களுக்கு ஒரு முழுத் தட்டு அதிகம்; சின்னத் தட்டு உண்டா என்று கேளுங்கள்.

உங்களுக்காக நாங்களே டேபிள் பிடித்துத் தருகிறோம். வியாழன் இரவு 8 மணிக்குள் வரவேற்பறையில் எத்தனை பேர், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த மூன்று கேள்வியையும் நாங்களே கேட்டுவிடுவோம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஞாயிறு காலைப் பலகாரம் 9.30 மணியோடு முடியும். இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டால் மதியத்துக்கு வயிற்றில் இடமிருக்கும்.

இப்படிக்கு,
விடுதி வரவேற்பறையினர்

பி.கு.: இங்கே அன்னையர் தினம் மே மாதத்தில் அல்ல, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிறு. அன்றைக்கு ஊரில் எந்த பப்பிலும் டேபிள் கிடைக்காது. அந்த வாரம் தங்குகிறவர்கள் அறை புக் செய்யும்போதே சாப்பாட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.